காலை இழந்த பிள்ளை மறுபடி ஓட: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி அணியில் 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த என் மகள், பத்தாம் வகுப்பு படிக்கும்போது சாலை விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தாள். இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா தடகளத்தில் ஓடுகிறாள், நீளம் தாண்டுகிறாள். இடைப்பட்ட காலத்தில் எங்களை அதிகம் அலைக்கழித்தது, எதை எப்போது செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததுதான். டாக்டர் காயத்தைப் பற்றிச் சொல்வார். அலுவலகத்தில் அட்டையைப் பற்றிச் சொல்வார்கள். கோச் போட்டியைப் பற்றிச் சொல்வார். மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேடு, அதாவது ஓடுவதற்கென்றே செய்த வளைந்த செயற்கைக் கால், வந்த பிறகுதான் பிள்ளை மைதானத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்து எல்லாவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். பிளேடு இந்த வரிசையில் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் செய்து முடிக்கக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதிக்குப் பணம் தேவையில்லை, தாள்களும் பொறுமையும்தான் தேவை.

இது தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போன பிள்ளையை மனத்தில் வைத்து எழுதியது. எலும்புப் புற்றுநோயாலோ முழங்காலுக்கு மேலேயோ காலை இழந்தவர்களுக்கும் வரிசை இதேதான். செயற்கைக் காலின் விலையும் போட்டிப் பிரிவும் மட்டும் மாறும்.

1. மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நின்று படியுங்கள். எந்தக் கால், எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். வலது, இடது மாறியிருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். பிறகு திருத்த வேண்டுமானால், அந்த டாக்டர் மாற்றலாகிப் போயிருப்பார், கோப்பு பதிவறைக்குப் போயிருக்கும்.

சம்மரி மட்டும் போதாது. அறுவைசிகிச்சைக் குறிப்பின் நகலையும், எடுத்த எல்லா எக்ஸ்ரேக்களையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவ வாரியம், செயற்கைக் கால் செய்பவர், பாரா விளையாட்டில் பிள்ளைக்கு எந்தப் பிரிவு என்று வகைப்பாடு செய்யும் குழு என்று மூன்று இடத்திலும் இவை தேவைப்படும். வெளியே வந்த பிறகு தனியாக விண்ணப்பித்து நகல் வாங்குவது பெரிய வேலை.

சாலை விபத்து என்றால் கூடுதலாக நான்கு தாள்கள்: எப்.ஐ.ஆர். நகல், விபத்துப் பதிவேட்டு நகல், மருந்துச் சீட்டோடு கூடிய ரசீதுகள், ஆம்புலன்ஸ் செலவுக்கான ரசீது. தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் வரம்புக்கு உட்பட்டு இலவசச் சிகிச்சை உண்டு. அதற்குப் பிந்தைய செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உதவுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் உடனே கேளுங்கள்.

இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளை தேறட்டும் என்று காத்திருக்கும்போது இந்தக் கெடு ஓசையில்லாமல் ஓடிவிடும். இன்னொன்று. வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் காலை ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் பராமரிப்பையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேட்கலாம். உச்ச நீதிமன்றமே அப்படிக் கணக்கிட்டு வழங்கியிருக்கிறது. வக்கீல் மனுவில் ஒரே ஒரு காலின் விலையை மட்டும் போட்டிருந்தால் கையெழுத்துப் போடும் முன் இதைப் பேசுங்கள். பிராஸ்தெடிஸ்ட் (செயற்கைக் கால் செய்பவர்) கொடுத்த விலைப்பட்டியலில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எதை மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்கி இணையுங்கள்.

2. ஸ்டம்ப் ஆறும் வாரங்கள்

துண்டிக்கப்பட்ட காலின் மிச்சத்தை எல்லோரும் ஸ்டம்ப் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பிள்ளை மறுபடி ஓடுமா என்பதில் பாதி இந்த வாரங்களில் முடிவாகிவிடுகிறது.

வீட்டில் எல்லோரும் அன்போடு செய்யும் தப்பு, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. படுக்க இதமாக இருக்கும். ஆனால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். இறுகிய முழங்காலோடு செயற்கைக் காலில் நடப்பதே சிரமம், ஓடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தால்கூட ஸ்டம்ப் தொங்கக் கூடாது. பலகை வைத்து நீட்டியே இருக்க வேண்டும். பிசியோ அனுமதித்த பிறகு தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்க வையுங்கள். இடுப்பு இறுகாமல் இருக்க அது உதவும்.

வீக்கம் வடிந்து ஸ்டம்ப் ஒரு வடிவத்துக்கு வர எலாஸ்டிக் பேண்டேஜ் கட்டுவார்கள். அதைக் கட்டும் முறையை நர்ஸ் செய்துகாட்டும்போது வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சாய்வாகச் சுற்ற வேண்டும். மேல்பக்கம் இறுகினால் நுனி வீங்கும்.

இல்லாத பாதம் வலிக்கிறது, அரிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். அது பிரமையும் அல்ல, அடம்பிடிப்பும் அல்ல. நரம்பு வலி அப்படித்தான் வரும். அதற்கு மருந்து உண்டு, கண்ணாடி முன் மற்றக் காலை அசைத்துச் செய்யும் பயிற்சியும் உண்டு. டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

3. யு.டி.ஐ.டி. அட்டை

மாற்றுத்திறனாளி சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யும் இல்லாமல் அடுத்த எந்தக் கதவும் திறக்காது. பஸ் சலுகை, அரசு தரும் செயற்கைக் கால், பாரா போட்டிப் பதிவு, கல்லூரி இட ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஆதார், முகவரிச் சான்று, அண்மையில் எடுத்த பாஸ்போர்ட் அளவு படம், கையெழுத்து அல்லது கைரேகை ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவுவார்கள், இ-சேவை மையத்திலும் கேட்கலாம். சொந்த மாவட்டத்து மருத்துவ அதிகாரியிடமோ, பிள்ளை சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலோ விண்ணப்பிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. வேறு மாவட்டத்தில் சிகிச்சை நடந்தவர்களுக்கு இது நல்ல வசதி.

அப்புறம் மருத்துவ வாரியத்தின் முன் நேரில் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்கெனக் குறிப்பிட்ட நாட்களில் முகாம் நடக்கும். எந்தக் கிழமை, எலும்பு டாக்டர் எப்போது வருவார் என்று முதல்நாளே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அசல் தாள்களும் இரண்டு செட் நகலும் கையில் இருக்கட்டும். தண்ணீர், சாப்பாடு, பிள்ளை உட்கார ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு நீளமானது.

சான்றில் சதவீதம் எழுதுவார்கள். 40 சதவீதம்தான் எல்லைக்கோடு. பெரும்பாலான உரிமைகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. கணுக்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டிருந்தால் 40-ஐத் தாண்டிவிடும். அட்டையின் நிறம் சதவீதத்தைப் பொறுத்தது. 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். நிரந்தரம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். போன கால் வளரப்போவதில்லை, தற்காலிகச் சான்று தந்தால் காரணம் கேளுங்கள். சதவீதத்தில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீடு செய்ய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

விதிப்படி சான்று 3 மாதத்துக்குள் வர வேண்டும். அட்டை தபாலில் வரத் தாமதமானாலும், இணையதளத்திலிருந்து மின்-அட்டையை இறக்கிக்கொள்ளலாம்.

நம் ஊரில் இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது, இனிஷியல். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் விரித்துப் பின்னால், பிறப்புச் சான்றில் பெயரே வேறு எழுத்துக்கூட்டலில் என்று இருக்கும். இங்கே யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் தேசியப் போட்டிப் பதிவிலும் பாஸ்போர்ட்டிலும் இது சிக்கலாகும். யு.டி.ஐ.டி. விண்ணப்பிப்பதற்கு முன் பிறப்புச் சான்றையும் ஆதாரையும் ஒரே பெயரில் கொண்டுவந்துவிடுங்கள். அந்தப் பெயரையே எல்லாவற்றிலும் எழுதுங்கள்.

அட்டை வந்ததும் நகரப் பேருந்துகளில் பிள்ளைக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணமில்லை, சாதாரணக் கட்டண வண்டிகளில். ரயிலில் ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை இருக்கிறது, துணைக்கும் அதே சலுகைதான். ஆனால் அதற்கு யு.டி.ஐ.டி. மட்டும் போதாது. ரயில்வேயின் தனிப் படிவத்தில், துணையின்றிப் பயணம் செய்ய முடியாதவர் என்று அரசு டாக்டர் சான்றளிக்க வேண்டும். வெளிமாநிலப் போட்டி அறிவிப்பு வந்த பிறகு இதற்கு ஓடினால் நேரம் போதாது.

4. அன்றாடத்துக்கான செயற்கைக் கால்

முதல் கால் தற்காலிகமானது என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காயம் ஆறி வீக்கம் வடிந்ததும் அச்செடுத்து சாக்கெட் செய்வார்கள். சாக்கெட் என்பது ஸ்டம்ப் உட்காரும் கிண்ணம். முதல் ஓராண்டில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே வரும், சாக்கெட் தளரும். முதலில் காலுறைகளைக் கூட்டிச் சமாளிப்பார்கள், பிறகு சாக்கெட்டையே மாற்ற வேண்டிவரும். அதனால் முதல் காலுக்கே கையிருப்பையெல்லாம் கொட்டாதீர்கள்.

செலவில்லாத வழிகளை முதலில் பாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக நவீன செயற்கைக் கால் இலவசமாகக் கிடைக்கும். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் நடைப்பயிற்சியோடு சேர்த்துக் கவனிக்கும் இடம். ஜெய்ப்பூர் கால் தரும் அறக்கட்டளை 1975 முதல் இலவசமாகப் பொருத்துகிறது. ஜெய்ப்பூர் கால் வீட்டுக்கும் பள்ளிக்கும் நன்றாகப் போதும். வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம். வேகமாக ஓடுவதற்கான அமைப்பு அதில் கிடையாது, அவ்வளவுதான்.

தனியாரில் முழங்காலுக்குக் கீழான எளிய கால் சில பத்தாயிரங்களில் தொடங்கும். கார்பன் பாதமும், ஸ்டம்ப்பின் மேல் மாட்டும் சிலிக்கோன் உறையான லைனரும் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டிவிடும். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். செய்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா? சாக்கெட் பொருந்தாவிட்டால் எத்தனை முறை இலவசமாகத் திருத்துவார்? லைனர் கிழிந்தால் தனியாக வாங்க என்ன விலை? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பாதத்தை விட லைனர்தான் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள்.

நல்ல பாதத்தை விட நல்ல சாக்கெட்டுக்குத்தான் மதிப்பு. பளபளக்கும் வெளிநாட்டுப் பாதத்தை, பொருந்தாத சாக்கெட்டில் மாட்டினால் அது மூலையில்தான் கிடக்கும். அதனால் எங்கே செய்வது என்று தேர்ந்தெடுக்கும்போது வீட்டுக்கு அருகில் இருப்பதும் ஒரு தகுதி. திருத்தத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

ஸ்டம்ப்பை ராத்திரி தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கழற்றிய பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால், கொப்புளம் இருந்தால், அடுத்த நாள் கால் மாட்ட வேண்டாம். லைனரை மென்மையான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். நம் வெயிலுக்கு வியர்வைதான் பெரிய எதிரி. வளரும் வயதில் எலும்பின் நுனி தோலைத் துருத்திக்கொண்டு வளர்வதும் உண்டு. நுனியில் புதிதாக வலி என்றால் சாக்கெட்டைக் குறைசொல்லிக்கொண்டிருக்காமல் எலும்பு டாக்டரிடம் போங்கள்.

5. பிளேடுக்குக் காத்திராமல் மைதானத்துக்கு

டாக்டரும் பிசியோவும் சரி என்று சொன்ன அன்றே பிள்ளையைப் பழைய மைதானத்துக்குக் கூட்டிப்போகலாம். வேடிக்கை பார்க்க அல்ல, பயிற்சி செய்ய. தோள், வயிறு, முதுகு, இருக்கும் கால் இவற்றை வலுப்படுத்தும் பயிற்சிக்குச் செயற்கைக் கால் தேவையே இல்லை. குண்டு எறிதல், ஈட்டி எறிதல் போன்றவற்றை அன்றாடக் காலோடு கற்கத் தொடங்கலாம். நீச்சல் போட்டியில் செயற்கைக் கால் அணிவதே கிடையாது. காயம் முழுதாக ஆறியிருந்தால் நீச்சல் குளமே முதல் மைதானமாக இருக்கலாம்.

என் மகளின் பி.இ.டி. ஆசிரியர் அவளைப் பழைய அணியோடேயே வார்ம்-அப் செய்ய வைத்தார். தனியாக ஓர் ஓரத்தில் உட்கார்த்தி வைக்கவில்லை. அவளுக்கு அது எந்த மருந்தையும் விட அதிகம் செய்தது. உங்கள் பள்ளி ஆசிரியருக்குப் பாரா விளையாட்டு பற்றித் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்தப் பிள்ளையும் என் அணிதான் என்று நினைப்பவராக இருந்தால் போதும், மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

சோனிப்பட்டின் சுமித் அன்டில் 2015இல் பைக் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அப்போது அவருக்கு 16 வயது. மல்யுத்தம் செய்துகொண்டிருந்த பையன். பிறகு ஈட்டிக்கு மாறி, டோக்கியோ, பாரிஸ் பாராலிம்பிக் இரண்டிலும் தங்கம் வென்றார், பாரிஸில் 70.59 மீட்டர். பழைய விளையாட்டை விட்டு வேறொன்றுக்குப் போவது தோல்வி இல்லை என்பதைப் பிள்ளைக்கு இப்படிப் பெயர் சொல்லி, அளவு சொல்லிக் காட்டுங்கள். வெறும் ஆறுதல் வார்த்தையைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

6. எந்தப் பிரிவு, எந்தப் போட்டி

பாரா தடகளத்தில் ஓட்டமும் தாண்டுதலும் டி என்ற எழுத்தில், எறிதல் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும். செயற்கைக் காலோடு போட்டியிடுபவர்களுக்கு 61 முதல் 64 வரை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போனவர் 64, ஒரு கால் முழங்காலுக்கு மேலே போனவர் 63, இரு காலும் கீழே என்றால் 62, இரு காலும் மேலே என்றால் 61. செயற்கைக் கால் இல்லாமல் போட்டியிடும், காலில் குறைபாடு உள்ளவர்களுக்கு 42 முதல் 44 வரை. சேலம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்றது டி42 பிரிவில்தான்.

இது தெரிந்தால் போதாது. உங்கள் பிள்ளையின் பிரிவுக்கு எந்தப் போட்டிகள் நடக்கின்றன என்று பார்க்க வேண்டும். என் மகளின் போட்டி 400 மீட்டர். பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் பெண்கள் டி64 பிரிவில் 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல் இருந்தன, 400 இல்லை. இது முதலிலேயே தெரிந்தால் பயிற்சித் திட்டம் மாறும், பிளேடு தேர்வும் மாறும். 400 பிடித்திருந்தால் ஓடட்டும், மாநில அளவில் வாய்ப்பு வரலாம். ஆனால் கூடவே இன்னொன்றையும் வளர்த்துக்கொள்வது நல்லது.

7. பதிவும் வகைப்பாடும்

இந்தியாவில் பாரா தடகளத்தை நடத்துவது இந்திய பாராலிம்பிக் கமிட்டி. தமிழ்நாட்டில் அதோடு இணைந்த மாநிலச் சங்கம் வழியாகத்தான் போக வேண்டும். உங்களிடம் பேசும் சங்கம் அங்கீகாரம் பெற்றதா என்று கமிட்டியின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒத்த பெயரில் பலர் போட்டி நடத்துகிறார்கள். சான்றிதழ் தருவார்கள், அது எங்கும் செல்லாது. கல்லூரி இடம் வாங்கித் தருகிறேன், நல்ல பிரிவு போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் இரண்டாவது முறை பேசாதீர்கள்.

பதிவுக்குப் பொதுவாகக் கேட்பவை: பிறப்புச் சான்று, ஆதார், யு.டி.ஐ.டி., மருத்துவச் சான்று, புகைப்படங்கள், முழு உடலும் ஸ்டம்ப்பும் தெரியும் படம். எல்லாவற்றையும் போனில் ஒரு தனி ஃபோல்டரில் பி.டி.எஃப். ஆக வைத்திருங்கள். போட்டி அறிவிப்புக்கும் பதிவுக் கடைசி நாளுக்கும் நடுவே அவகாசம் குறைவாகவே இருக்கும்.

பள்ளி வயதில் முதல் போட்டிக்கு நல்ல இடம் முதலமைச்சர் கோப்பை. அதில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு, மாவட்ட அளவிலேயே தொடங்கிவிடும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்கள். அடுத்து மாநில பாரா போட்டி, தேசிய சப்-ஜூனியர், ஜூனியர் போட்டிகள்.

வகைப்பாடு என்பது பிள்ளைக்கு எந்தப் பிரிவு என்று ஒரு குழு பரிசோதித்து முடிவு செய்வது. யு.டி.ஐ.டி. சதவீதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அட்டையில் 60 என்றோ 70 என்றோ இருப்பதால் பிரிவு மாறாது. முதலில் மருத்துவத் தாள்களைப் பார்ப்பார்கள், பிறகு உடலைச் சோதிப்பார்கள், விளையாட்டு அசைவுகளைச் செய்யச் சொல்வார்கள், தேவைப்பட்டால் போட்டியிலும் கவனிப்பார்கள். மருத்துவப் படிவத்தை டாக்டர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவத்தை இங்குள்ள பல டாக்டர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், நீங்களே ஒவ்வொரு கட்டமாகக் காட்டி நிரப்பச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும்.

அன்று எடுத்துப்போக வேண்டியவை: படத்துடன் கூடிய அடையாள அட்டை, முதல் படியில் சொன்ன அறுவைசிகிச்சைக் குறிப்பும் எக்ஸ்ரேவும், அன்றாடக் கால், போட்டிக்கு அணியும் கால், ஷூ, அரைக்கால் சட்டை, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் நீங்களும் உள்ளே இருங்கள். பெண் பிள்ளையின் தாயோ அக்காவோ கூட இருப்பது நல்லது.

முடியாததுபோல் நடிக்கச் சொல்லி யாராவது பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால் அவரை விட்டு விலகுங்கள். வேண்டுமென்றே தவறாகக் காட்டுவது தடைக்குரிய குற்றம். நியாயமான முடிவு இல்லை என்று தோன்றினால் முறைப்படி ஆட்சேபிக்க வழி உண்டு. வளரும் வயது என்பதால் மறுபரிசீலனை என்ற குறிப்போடு பிரிவு தரலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், குறிப்பில் உள்ள ஆண்டில் மறுபடி போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

8. இப்போது பிளேடு

கால் இழந்தவர்கள் 64 போன்ற பிரிவுகளின் ஓட்டப் பந்தயத்தில் செயற்கைக் காலோடுதான் ஓட வேண்டும், ஒற்றைக் காலில் தாவி ஓட முடியாது. ஆகவே ஓட்டம்தான் என்று முடிவானால் பிளேடு வேண்டும். பிளேடு மட்டும் வாங்கினால் ஆகாது. அதற்கெனத் தனி சாக்கெட், லைனர், இணைப்புகள், அடியில் ஒட்டும் சோல் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. மொத்தமாகப் பல லட்சத்துக்குப் போகும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதால் பணம் கட்டிய பிறகும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பிளேடின் விறைப்பு உடல் எடையைப் பொறுத்து வகை வகையாக வரும். பதின்ம வயதில் எடை கூடும்போது போன வருடப் பிளேடு தொய்ந்துவிடும். ஆகவே ஸ்டம்ப் ஒரு நிலைக்கு வந்து, வளர்ச்சி வேகமும் கொஞ்சம் தணிந்த பிறகு வாங்குவதே புத்திசாலித்தனம். யாராவது பயன்படுத்திய பிளேடு தந்தால் எடை வகை என்ன, விரிசலோ அடுக்கு பிரிதலோ இருக்கிறதா என்று பிராஸ்தெடிஸ்ட்டிடம் காட்டாமல் மாட்டாதீர்கள். குதிகால் இல்லாததால் அதில் நிம்மதியாக நிற்க முடியாது, மைதானத்துக்கு அன்றாடக் காலோடு போய் அங்கே மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். சின்ன ஆலன் கீ செட்டும் ஒரு துண்டும் பையில் இருக்கட்டும். சில சுற்றிலேயே லைனருக்குள் வியர்வை சேர்ந்து வழுக்கும், கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும்.

பணத்துக்கு: தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் உபகரணத்துக்கும் போட்டிப் பயணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே கேட்பது போட்டிச் சான்றும் விலைப்பட்டியலும். அதனால்தான் பிளேடு இல்லாமலேயே எறிதலிலோ நீச்சலிலோ ஒரு போட்டியில் கலந்துகொண்டிருப்பது உதவும் என்று சொல்கிறேன். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, ரோட்டரி, அரிமா சங்கங்கள் ஆகியவற்றுக்கும் அதே கோப்பைக் கொடுக்கலாம். இணையத்தில் நன்கொடை திரட்டுவதானால், படம் போடும் முன் பிள்ளையிடம் சம்மதம் கேளுங்கள். அழுகிற படம் நிறையப் பணம் தரும் என்று சொல்வார்கள். அந்தப் படம் நாளைக்கும் அங்கேயே இருக்கும், அதோடு வாழப்போவது பிள்ளை.

கடையில் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். கடைசித் தவணை, டிராக்கில் ஓடிப்பார்த்து அலைன்மென்ட் (பிளேடு பொருந்தும் கோணம்) சரிசெய்த பிறகு என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். வருமான வரி கட்டுபவராக இருந்து பழைய முறையில் கணக்குக் காட்டினால், மாற்றுத்திறனாளி பிள்ளையின் பராமரிப்புக்கென (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி பிரிவு) சான்றில் 40 சதவீதம் முதல் 75,000 ரூபாயும், 80 சதவீதம் முதல் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழிக்கலாம்.

9. மாத்திரையும் பாஸ்போர்ட்டும் படிப்பும்

நரம்பு வலிக்கும் ஸ்டம்ப் வலிக்கும் எழுதித்தரும் டிரமடால் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட மருந்து. இந்த வலியுள்ள பிள்ளைகளுக்குத்தான் இது சாதாரணமாக எழுதப்படுகிறது. மருந்துச் சீட்டை நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் டாக்டரிடம் மாற்று மருந்து கேளுங்கள், மாற்று இல்லையென்றால் அந்த மருந்தைச் சாப்பிட அனுமதிக்கும் சிகிச்சை விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இதற்காக மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

தேசிய அளவில் பெயர் வரத் தொடங்கியதும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். சர்வதேசப் போட்டிக்கான உரிமப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே போகும், இனிஷியல் விஷயத்தை மறக்க வேண்டாம்.

அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில், சான்றில் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீடு வேறு. விபத்துக்கு முன் பிள்ளை வாங்கிய பள்ளி விளையாட்டுச் சான்றிதழ்களை, பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறதே என்று பரணில் போட்டுவிடாதீர்கள். சேர்க்கை ஆண்டின் விதியைப் பார்த்து இரண்டிலும் விண்ணப்பியுங்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை வேண்டுமென்றால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது.